கையா, பொட்டியா

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எழுதியதெல்லாம் ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டர் மேல் ஒட்டுகிற சீட்டுகள்தான். ‘ஆன் ஆகவில்லை’, ‘சத்தம் வருகிறது’ என்பதற்கு மேல் ஒரு வரி எழுதியதில்லை. இதில் எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தப்பு இருக்கும் இடங்களை நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் நம் ரிப்பேர் கடை வேலையிலிருந்து நின்ற அன்று டீயும் போண்டாவும் வாங்கி வைத்து, “நாலு வார்த்தை பேசுங்கண்ணா” என்றீர்கள். எழுந்து நின்றேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்ததும், போண்டா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் போர்டில் இருக்கும் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போனதால்தான் நின்றேனே தவிர, வேலை அலுத்துப்போகவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டியைத் திறக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறதோ என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு வரும்.

அன்றைக்கு உங்களில் ஒருவர் கேட்டார்: “பழைய சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, பின்னாடி ஒரு யூஎஸ்பி கார்டு. சொருகிட்டா முடிஞ்சுது. அதுல யோசிக்க என்னண்ணா இருக்குது?”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அது நான் வேலையில் இருந்தபோது காதர் பாய் கடையில் நடந்தது.

உக்கடத்தில், குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில் பாயின் எம்பிராய்டரி கடை. கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்குப் பூ வேலை செய்கிற இடம். ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடைகளிலிருந்து துணி வரும். பாய் உள் அறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவார். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று மவுஸால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். ஒரு புள்ளி தள்ளி விழுந்தால், தையலில் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும். முன் அறையில் எம்பிராய்டரி மிஷின். அதை ஓட்டுகிறவர் மல்லிகா. வெள்ளலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வேலையில் கெட்டி, பேச்சிலும் கெட்டி.

பாய்க்கு முன்பு ஒரு தடவை பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து, விரல் விரலாக அந்தக் கையை மீட்டெடுத்தவர். வயர் உள்ள மவுஸ் என்றால் வயரின் இழுப்பே கைக்குப் பாரமாகிறது என்று, அவர் மகள் வயர் இல்லாத மவுஸ் ஒன்று வாங்கித் தந்திருந்தார். அதன் ரிசீவர் விரல்நகம் அளவுதான். அதைப் பொட்டியின் முன்பக்கத்து ஓட்டையில் சொருகியிருப்பார்.

அவருடைய டிசைன் சாஃப்ட்வேர் அந்தப் பழைய பொட்டியில்தான் ஓடும். புதியது வாங்கலாமே என்று கேட்டேன்.

“வீட்டை இடிக்காம ஜன்னலை மட்டும் பெரிசு பண்ணிக் குடுங்க தம்பி” என்றார்.

அப்படியே செய்தேன். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டேன். பின்பக்கம் ஒரு கார்டு போட்டு, இரண்டு நீல நிற யூஎஸ்பி போர்ட் வரவழைத்தேன். டிசைனெல்லாம் வைத்திருக்கும் வெளி டிஸ்க்கை அதில் ஒன்றில் மாட்டச் சொன்னேன். நீலம் என்றால் வேகம் என்றும் சொன்னேன். பாய் ஒரு பெரிய டிசைனைத் திறந்து பார்த்தார்.

“பிஸ்மில்லா சொல்லி முடிக்கல, தொறந்துடுச்சு. முன்னாடியெல்லாம் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும்.”

“இனி டீ குடிக்க என்ன சாக்கு சொல்லுவீங்களாமா?” என்று முன் அறையிலிருந்து மல்லிகா கேட்டார்.

இந்த இடத்தில் அந்தக் கடையின் இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் டிசைனைப் பாய் வெளியாள் கண்ணில் காட்டமாட்டார். இன்னொரு கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயமில்லை. “அந்தப் பொண்ணு போட்டுக்கறதுக்கு முன்னாடி ஊரு பார்த்துட்டா அப்பறம் அவளுக்கு என்ன இருக்குது” என்பார். நான் நாற்காலியில் உட்காரப் போனாலே, அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் எனக்கு இடம் விடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல வழக்கமாகவே பட்டது.

இன்னொன்று, ஆயுத பூசை. மல்லிகா அன்றைக்கு எம்பிராய்டரி மிஷின், கத்தரிக்கோல், கம்ப்யூட்டர் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார். பொரி, கடலை, வாழைப்பழம் வாங்கி வருவது பாய். அவர் கடை ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான்.

நான் அப்கிரேடு செய்து கொடுத்துச் சில நாளில் ஆயுத பூசை வந்து போனது. அதற்குப் பிறகு பாய் போன் செய்தார்.

“தம்பி, மவுஸ் நின்னு நின்னு போகுது. வரும்போது ஒன்னு புதுசா கொண்டாங்க.”

போனேன். பாய் டிஸ்க்கைக் கழற்றிக் கூட்டில் வைத்துவிட்டு எழுந்தார். நான் உட்கார்ந்து பழைய மவுஸை நகர்த்திப் பார்த்தேன். எண்ணெய் விட்டாற்போல ஓடியது. வட்டம் போட்டேன், கோடு போட்டேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நன்றாக ஓடுகிற ஒன்றுக்குப் புதியது எதற்கு என்று, கொண்டுபோன மவுஸைப் பெட்டியிலிருந்து பிரிக்கவே இல்லை.

“இதே நல்லாத்தான் இருக்குதுங்க பாய்” என்றேன்.

பாய் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கினார், விரித்தார், திரும்ப மடக்கினார். கடையில் காய் வாங்கும்போது திருப்பிப் பார்ப்பதுபோல அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஏதோ கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒருவருடைய உடம்பைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் இருந்தது இரண்டே பேர்தான், ஒன்று பொட்டி, ஒன்று பாய். பொட்டியில் குற்றமில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், குற்றம் எங்கே போய் உட்காரும்? ‘நல்லாத்தான் இருக்குது’ என்பதை நாம் தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிறோம். சொல்லிவிட்டு வந்த பிறகு அது அங்கே என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் மல்லிகா போன் செய்தார்.

“ஏனுங்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா? பாய் டிசைன் போடறதையே உட்டுப்போட்டாரு. இனிமே நெட்டுல ரெடிமேடா வாங்கிக்கலாம், நீ மிஷினை மட்டும் ஓட்டுங்கறாரு. பொள்ளாச்சிக் கல்யாணத் துணி ஒன்னு வந்து கிடக்குது. முடியாதுன்னு பட்டுக்கடைக்குச் சொல்லிட்டாருங். மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டுப் போக ஆள் வாராங்களாமா.”

“ஏன் முடியாதாம்?”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கை மறுபடியும் உதறுதாமா. ஊட்டுல கூடச் சொல்லலீங். எங்கிட்டயும் சொல்லல, நானா கண்டுபிடிச்சேன். நீங்க நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க.”

நான் போனபோது பாய் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்தக் கல்யாணத் துணி, பழைய வேட்டியில் சுற்றி, கொடுத்தனுப்பத் தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல டிஸ்க்கைக் கழற்றிக் கூட்டில் போட்டார். நான் உட்கார்ந்தேன். மவுஸை நகர்த்தினேன். அதே ஓட்டம்.

மல்லிகா கதவோரம் நின்று பார்த்தார். “பாருங்களேன், அண்ணா உக்கார்ந்தா நல்ல புள்ளையாட்ட ஓடுது. பாய் உக்கார்ந்தா மக்கர் பண்ணுது. இது மாமியா மருமக சண்டையாட்டவல்ல இருக்குது.”

“அதான் சொல்றனே அம்மணி” என்றார் பாய். “பொட்டியில ஒன்னுமில்ல.” பேசியபடியே வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

மல்லிகா விளையாட்டாகச் சொன்னது எனக்குள் போய் நின்றது. நான் உட்கார்ந்தால் ஓடுகிறது, அவர் உட்கார்ந்தால் ஓடவில்லை. அவர் உட்கார்வதற்கும் நான் உட்கார்வதற்கும் நடுவில் என்னதான் மாறுகிறது? கை மாறுகிறது, அது தெரிந்ததே. வேறு?

மூக்குக்கண்ணாடிக் கூடு மேசையில் இருந்தது.

அப்போதும் எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கிவிடவில்லை. ஆனால் அவர் வேலை செய்கிற மாதிரியே பொட்டியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது மட்டும் புரிந்தது. டிஸ்க்கை மாட்டச் சொல்லலாம். மாட்டினால் பொள்ளாச்சிப் பெண்ணுக்குப் பாதி போட்டு நிறுத்திய டிசைன் என் கண்ணில் படும். அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அங்கே கிடந்த முக்காலியை இழுத்து, நூல்கண்டு அலமாரியைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

“பாய், நீங்க எப்பவும் போல டிஸ்க்கை மாட்டி வேலையப் பாருங்க. நான் திரும்ப மாட்டேன்.”

“எதுக்கு தம்பி?”

“சத்தம் கேக்கோணும்.”

மூக்குக்கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. பாய் முதலில் டிஸ்க் இல்லாமல் மவுஸைத் தட்டிப் பார்த்தார். டிக், டிக், டிக் என்று சீராக வந்தது. டிஸ்க்கை மாட்டினார். மாட்டியதற்கு அடையாளமாகக் கம்ப்யூட்டர் டுங் என்றது. டிசைனைத் திறந்து புள்ளி வைக்க ஆரம்பித்தார். டிக். அப்புறம் நீண்ட இடைவெளி. டிக் டிக் என்று சேர்ந்து இரண்டு. பாய் மூச்சை இழுத்துப் பிடிப்பதும், பல்லைக் கடிப்பதும் கேட்டது. என் கண் முன்னால் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்து நீலமுமாக நூல்கண்டுகள். எனக்கு முதுகெல்லாம் காது.

“கழட்டுங்க.”

கழற்றினார். டிக், டிக், டிக்.

“மாட்டுங்க.”

மறுபடியும் தடுமாற்றம்.

டிஸ்க்கை மாட்டினால் கை உதறுகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பக்கவாதம் இருக்க முடியுமா? கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமல் குனிந்து மேசைக்கு அடியில் போனேன். பொட்டியின் பின்னால், இரண்டு நீல போர்ட்டில் ஒன்றில் டிஸ்க் வயர். மற்றொன்றில், அதோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு, மவுஸ் ரிசீவர்.

“பாய், இது முன்னாடியில்லீங்களா இருந்துச்சு?”

மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். பாய் கதவுப் பக்கம் பார்த்தார். மல்லிகா யாரோ கூப்பிட்டு வாசலுக்குப் போயிருந்தார். பாய் என் பக்கம் குனிந்தார்.

“பூசையன்னைக்குப் பொட்டியத் தொடைக்க இதைக் கழட்டி வெச்சிருந்தேன். அம்மணி ஆசை ஆசையா சந்தனம் வெச்சுது. அந்த முன் ஓட்டையில போய் அடைச்சுக்கிச்சு. குச்சி விட்டுப் பார்த்தேன், வரல. சொன்னா அதுக்கு மனசு சங்கடப்படும். நீங்கதான் நீலம் வேகம்னீங்களே, நம்ம மவுஸும் நல்ல இடத்துல இருக்கட்டும்னு பின்னாடி மாத்திட்டேன்.”

முன்பக்கம் விளக்கடித்தேன். ஓட்டைக்குள் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

இது எப்படி என்று பிற்பாடு உதிரிபாகக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வேக போர்ட்டில் டிஸ்க் ஓடும்போது, வயரைச் சுற்றி ஒரு இரைச்சல் பரவுமாம். வயர் இல்லாத மவுஸ் பேசுகிற அலையும் அந்த இரைச்சலும் ஒரே அலைவரிசையில் வருமாம். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் ரேடியோ கரகரப்பது மாதிரி. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம் என்று மட்டும் தோன்றியது. பையில் இருந்த நீட்டு வயரில் ரிசீவரைச் சொருகி, மேசை மேல், மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். திரும்பப் போய் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

டுங். டிக், டிக், டிக், டிக். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

சரியானதும் கிளம்புவதுதான் நம் வழக்கம். வாசலில் வண்டிச் சத்தம் வேறு கேட்டது, பட்டுக்கடை ஆள் வந்துவிட்டார். ஆனால் பாயின் முகம் தெளியவில்லை. இத்தனை நாள் கையைச் சந்தேகப்பட்டவர். நான் ஏதோ வயரை மாற்றியதும் ஓடுகிறது என்றால், நாளைக்கு மறுபடி ஒரு புள்ளி தவறும்போது கையைத்தான் பார்ப்பார். எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. பழுது போனது தெரிகிறது, பழுது இதுதான் என்று தெரிய வேண்டாமா?

ரிசீவரை எடுத்துப் பழையபடி பின்னால் நீல போர்ட்டிலேயே சொருகினேன்.

“ஏன் தம்பி?” பாய் பதறிவிட்டார்.

“அம்மணி, இங்க வாங்க. பாய் இடத்துல உக்காருங்க.”

“நானுங்களா? நான் மிஷினு ஓட்டறவ, எனக்கு இந்த எலியெல்லாம் புடிக்கத் தெரியாதுங்ணா.”

“நீங்க டிசைன் பார்க்கலாம்தானே?”

“தைக்கறதே நான்தானுங்க.”

“அப்ப உக்காருங்க. திரையில இருக்கற அம்பை அந்த டிசைன் கோட்டு மேலயே கொண்டு போங்க.”

உட்கார்ந்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அட, தவ்வுதுங்க. நான் இங்க இழுத்தா அது அங்க போய் நிக்குது.” நாற்காலி கிறீச்சென்றது. “பாய், எனக்கும் பக்கவாதமாட்ட இருக்குதே, பந்து இருந்தா ஒன்னு குடுங்க.”

பாய் சிரித்தார். சிரிப்பு முதலில் மூக்கில் வந்தது, பிறகு தோள் குலுங்கியது. நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் துண்டால் முகத்தைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

ரிசீவரை மேசை மேல் எடுத்து வைக்கும்போது மல்லிகாவும் கூடக் குனிந்துவிட்டார். முன் ஓட்டையைப் பார்த்தார்.

“இது நான் வெச்ச சந்தனமல்லங்க?” ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்குத்தான் இத்தனை நாளா வாயத் தொறக்கலீங்களா? ஏனுங் பாய், அடைச்சுப்போட்டே பாரு கழுதைன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கோவிச்சுக்கிட்டா போயிருவேன்? கை போச்சு கை போச்சுன்னு நீங்க சோறு திங்காம உக்கார்ந்துட்டு இருந்தது நல்லா இருந்துச்சாக்கும்?”

“நீ ஆசையா வெச்சது...”

“ஆசையா வெச்சா? அடுத்த வருசம் நெத்தியில மட்டும் வெக்கறேன், ஓட்டையில வெக்கல. போதுங்களா?”

பட்டுக்கடை ஆள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாய் என் கிட்டே வந்தார்.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. கையா, பொட்டியா?”

அந்தக் கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குப் பட்டது. கைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல என் வாய் துடித்தது. அவருக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் முந்தின தடவை பொட்டியைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை, அவர் கைமேல் போய் விழுந்ததைப் பார்த்தவன் நான். இப்போது கையைப் பற்றி நான் சொல்லி, அதை நம்பி அவர் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால்?

“அம்பு தவ்வினது பொட்டிங்க பாய். அது எனக்குத் தெரியும், நீங்களும் பார்த்தீங்க. கையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. அதைத் தெரிஞ்சவங்ககிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துருங்க.”

பாய் மேசையில் இருந்த துணி மூட்டையை எடுத்தார். கொடுத்தனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். அதை அலமாரியில், மயில் கழுத்து நூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க. துணி இங்கயே இருக்கட்டும்னு முதலாளிகிட்டச் சொல்லிடுங்க.”

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். கை முன்பு தேறின அளவிலேயே இருக்கிறது, பந்துப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். பொள்ளாச்சி ஜாக்கெட்டும் முடிந்து போனது. அதில் என்ன பூ, என்ன பறவை என்று எனக்குத் தெரியாது.

தம்பிகளே, தங்கச்சிகளே, எஸ்எஸ்டி மாட்டுவதில் யோசிக்க ஒன்றுமில்லைதான். அதை நீங்கள் என்னைவிட வேகமாக மாட்டுவீர்கள். நான் யோசிப்பது வேறு. பாய் அந்தப் பெண்ணுக்காக டிஸ்க்கைக் கழற்றினார். மல்லிகாவுக்காக வாயை மூடிக்கொண்டார். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் வந்தேன். மூன்றும் மரியாதைதான், ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. அந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு சின்னப் பழுது சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதரின் கையைத் தின்னப் பார்த்தது. நம் ஊர்க்காரர்கள் நாம் போனதும் மேசையைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். டீயைக் குடியுங்கள். குடித்துவிட்டு, ஒதுக்கி வைத்ததையெல்லாம் எடுத்து, நீங்கள் எப்போதும் போல வேலை செய்யுங்கள் என்று கேளுங்கள். என்னைப்போல் கூச்சம் உள்ளவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டாவது கேளுங்கள்.

அதன் பிறகும் பாய் கடைக்குப் போய்வருகிறேன். நான் போனால் அவர் இப்போது அந்த டிஸ்க்கைக் கழற்றுவதில்லை. “பாருங்க தம்பி, நீங்க பார்த்தா தப்பில்ல” என்கிறார். நான்தான் முக்காலியை அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எனக்கு எழுத வராது. இன்று அதெல்லாம் பூசையில் இருக்கிறது, நாளை வரை தொடக் கூடாது. இந்தப் பேனாவை யாரும் பூசையில் வைக்கவில்லை, அது என் ஆயுதம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் எடுத்து எழுதிவிட்டேன்.

கோயம்புத்தூர்,
ஆயுத பூசை, புதன்கிழமை,
1-10-2025.